பழைய கணிப்பொறிக்குப் புதிய பிராசசர் வேண்டுமா?

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபொழுது, வழக்கம் போல் ஓர் இலக்கியத் திறனாய்வையே எதிர்பார்த்திருப்பர். இம்முறை அவ்வாறன்றி, என் இல்லத்தில் மூன்று திங்களாகப் பேசப்பட்டுவந்த ஒரு சிக்கலை எழுத எடுத்துக்கொண்டேன். அறிவியல் செய்திகளைத் தமிழில் எடுத்துரைத்தல் அறிவியல் துறையினர்க்கு மட்டுமே உரிய பணியன்று என்பது என் கருத்து. மேலும், இச்சிக்கல் நம் மாணவர் பலருடைய இல்லங்களிலும் உள்ளது. விளையாட்டுக்கென வாங்கிய கணிப்பொறி ஆறேழு ஆண்டுகளில் தளர்ந்துவிடுகின்றது. அதன் பிராசசரை மட்டும் மாற்றினால் போதுமா, முழுவதையும் மாற்றுதல் வேண்டுமா, ஒன்றுமே செய்யாது இருந்துவிடலாமா என்பதே வினா.

செய்தி இதுதான். 2018-ஆம் ஆண்டின் இறுதியில், சார்ஜாவில் பணியிலிருந்த என் தம்பி, என் மகனுக்கென ஒரு கணிப்பொறி வாங்கித் தந்தார். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 2600 என்னும் பிராசசர், பி450 வகை மதர்போர்டு, 8 ஜிபி ரேம், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு ஆகியன அதன் உறுப்புகள். அந்நாளில் அது நல்ல பொறி. 2020-இல் தம்பி வேலையிழந்து ஊர் திரும்பினார். பையன் வளர்ந்தான், விளையாட்டுகளும் வளர்ந்தன. 2023-இல் பொறி திணறத் தொடங்கியது. கிராபிக்ஸ் கார்டு பழையதாகிவிட்டது என்று பலரும் கூறவே, ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். எங்கள் குடும்பத்திற்கு அது பெருந்தொகை. ஆயினும் அவன் விரும்பி ஆடும் இரண்டு விளையாட்டுகளிலும் திணறல் குறைந்தபாடில்லை.

2025-ஆம் ஆண்டின் இறுதியில் பொறியை ஒரு கடைக்குக் கொண்டு சென்றோம். கடைக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு நொடி பார்த்தார். "இதெல்லாம் குப்பை சார். போர்டு, ரேம், பிராசசர் மூணையும் தூக்கிட்டுப் புதுசு போடுங்க. அறுபதாயிரம் ஆகும்" என்றார். உடன் வந்திருந்த தம்பி ஒன்றும் பேசவில்லை. அறுபதாயிரம் என்பது என் மகளின் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்தினும் சற்றே குறைவு. யோசித்துச் சொல்கிறோம் என்று கூறிப் பொறியை எடுத்துக்கொண்டு திரும்பினோம். வண்டியில் வரும்போது மகன், "அத்தா, போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது" என்றான். கிராபிக்ஸ் கார்டுக்குச் செலவிட்டதை அவனும் மறக்கவில்லை.

அன்று முதல், கணிப்பொறி அறிவியல் துறையிலுள்ள நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு இப்பொருளைக் கற்கலானேன். கற்றவற்றுள் பயன்படுவனவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

முதற்கண் சொல் பற்றி ஒரு சிறு விளக்கம். பிராசசர் என்பதற்குச் 'செயலி' என்னும் தமிழ்ச்சொல் உண்டு, நல்ல சொல்லே. ஆயின் கைப்பேசி பெருகிய பின்னர், அதில் இயங்கும் 'ஆப்' என்பதற்கும் அச்சொல்லே நிலைத்துவிட்டது. இன்று ஒரு மாணவரிடம் 'உன் செயலியை மாற்று' என்றால் அவர் கைப்பேசியைத்தான் கையில் எடுப்பார். 'நுண்செயலி' என வேறுபடுத்தலாம்; கடைத்தெருவில் அது செல்லாது. ஆகவே கடைத்தெருவின் சொல்லாகிய பிராசசர் என்பதையே இக்கட்டுரையில் ஆள்கின்றேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

அச்சகமும் கணிப்பொறியும்

என் பள்ளிப் பருவத்தில் எங்கள் தெருமுனையில் ஓர் அச்சகம் இருந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை வரிசையாகக் கோப்பவர் ஒருவர். கோத்து முடித்த பக்கத்தை அச்சுப் பொறியில் ஏற்றித் தாளில் பதிப்பவர் மற்றொருவர். கோப்பவர் முடித்துத் தந்தாலன்றிப் பொறியில் நிற்பவருக்கு வேலையில்லை. அவர் வாசற்படியில் அமர்ந்து பீடி புகைத்துக்கொண்டிருப்பார். எங்கள் கல்லூரியின் பழைய மலர்கள் யாவும் அவ்வாறு கோக்கப்பட்டவையே.

கணிப்பொறி விளையாட்டில் திரையில் தோன்றும் ஒவ்வொரு காட்சியும் அத்தகைய ஒரு பக்கம் போன்றது. அதனைப் பிரேம் என்பர். ஆடுபவர் எந்த விசையை அழுத்தினார், எதிரி எவ்விடத்து நிற்கின்றான், எறிந்த பொருள் எத்திசையிற் செல்கின்றது, இவற்றுள் எவையெவை கண்ணுக்குத் தெரிதல் வேண்டும் என்பனவற்றையெல்லாம் கணக்கிட்டு, 'இன்னதை இன்ன இடத்தில் வரைக' என்னும் கட்டளைகளைக் கோத்துத் தருவது பிராசசரின் பணி. அக்கட்டளைகளைப் பெற்று வண்ணமும் ஒளியும் நிழலுமாகத் திரையில் வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் கார்டின் பணி. முன்னது எழுத்துக் கோப்பவர். பின்னது அச்சுப் பொறி.

நொடிக்கு 60 பிரேம்கள் வேண்டுமாயின் ஒவ்வொரு பிரேமும் 16.7 மில்லிநொடிக்குள் முடிதல் வேண்டும். என் மகனுடைய திரை நொடிக்கு 75 முறை புதுப்பித்துக் கொள்வது, அதற்கு 13.3 மில்லிநொடியே தவணை. போட்டியாகவே ஆடுவோர் வைத்திருக்கும் 144 ஹெர்ட்ஸ் திரைக்கோ 6.9 மில்லிநொடி. இத்தவணைக்குள் இருவரும் தத்தம் பணியை முடித்தல் வேண்டும். யார் தாமதிக்கின்றாரோ அவருடைய வேகமே முழுப் பொறியின் வேகமாகும். ஆடுவோர் இதனைப் 'பாட்டில்நெக்' என்கின்றனர்.

கோப்பவர் மெதுவாகப் பணிபுரியும் அச்சகத்திற்குப் புதிய அச்சுப் பொறி வாங்கிப் போட்டால் என்ன நிகழும்? பொறியில் நிற்பவர் இன்னும் கூடுதலாகப் பீடி புகைப்பார். 2023-இல் நாங்கள் செய்தது அதுவே என்பது பின்னரே விளங்கிற்று.

செலவில்லாச் சோதனை

எவர் தாமதிக்கின்றார் என்பதைக் காசு செலவின்றிக் கண்டறிய வழியுண்டு. விளையாட்டின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, திரையின் பிரேம் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி-சிங்க் போன்றவற்றை முதலில் நிறுத்துதல் வேண்டும். இன்றேல் சோதனை பொய்த்துவிடும். பின்னர் படத்தின் அளவை, அதாவது ரெசல்யூஷனைக் குறைத்தல் வேண்டும். 1920க்கு 1080 என்னும் அளவில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. 1280க்கு 720 எனக் குறைத்தால் 9 இலட்சத்துச் சொச்சம். அச்சகத்தின் மொழியில் கூறுவதாயின், இது தாளின் அளவைப் பாதியாக்குவது போன்றது. அச்சுப் பொறியின் சுமை குறையும். ஆயின் கோக்க வேண்டிய எழுத்துகளின் எண்ணிக்கை குறைவதில்லை. ஆகவே அளவைக் குறைத்தவுடன் பிரேம் வேகம் நன்கு உயர்ந்தால் தடை கிராபிக்ஸ் கார்டில் உள்ளது. உயரவில்லையேல் பெரும்பாலும் பிராசசர் பக்கத்தில் உள்ளது.

இரண்டாவது சான்று, விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு எத்துணை விழுக்காடு உழைக்கின்றது என்பது. 97, 98 என்று நின்றால் அது முழுமூச்சாக உழைக்கின்றது என்று பொருள். 50, 60 என்று கிடந்தால் கோப்பவருக்காகக் காத்துக் கிடக்கின்றது.

இவ்விடத்தில் பலரும் ஏமாறுவதுண்டு, நானும் ஏமாந்தேன். விண்டோசின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது பிராசசரின் உழைப்பு 40 விழுக்காட்டையும் எட்டவில்லை. பாதிகூட உழைக்காத ஒன்று எங்ஙனம் தடையாகும் என்று நண்பரிடம் வாதிட்டேன். அவர் சிரித்தார். ரைசன் 5 2600 ஆறு கோர்கள் உடையது; ஒவ்வொன்றும் இரண்டு இழைகளாக இயங்குவதால் விண்டோசின் கணக்கில் பன்னிரண்டு. அப்பன்னிரண்டனுள் ஒன்று முழுவதும் நிரம்பி மூச்சுத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8.3 விழுக்காடாகவே தெரியும். விளையாட்டுகளில் முதன்மையான பணி பெரும்பாலும் ஓரிரு இழைகளிலேயே நிகழ்கின்றது. முந்தைய வரியை அறிந்தாலன்றி அடுத்த வரியைக் கோக்க இயலாது என்னும்போது, பன்னிருவர் இருந்தும் பதினொருவர் பார்த்துக்கொண்டுதான் நிற்பர். ஒரு பணியில் பகிர்ந்தளிக்க இயலாத பகுதியே மொத்த விரைவுக்கு எல்லை கட்டுகின்றது என்பதை ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் 1967-இலேயே எடுத்துரைத்துள்ளார். மொத்த விழுக்காட்டைப் பாராது, கிராபிக்ஸ் கார்டின் விழுக்காட்டைப் பார்க்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

என் மகன் ஆடுபவை இரண்டு. ஒன்று கவுண்டர்-ஸ்ட்ரைக் 2. 2023 செப்டம்பரில் வெளிவந்த சுடும் விளையாட்டு. மற்றொன்று 2015-இல் வெளிவந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ், ஒரு நகரத்தைத் தெருத் தெருவாக அமைத்து ஆளும் விளையாட்டு. (பின்னதையே அவன் கூடுதலாக ஆட வேண்டும் என்பது தந்தையின் விருப்பம், விருப்பம் நிறைவேறுவதில்லை.) நகரம் பெருகப் பெருக, ஒவ்வொரு குடிமகனும் எங்கிருந்து எவ்வழியாக வேலைக்குச் செல்கின்றான், பேருந்து எங்கே நிற்கின்றது, குப்பை வண்டி எப்போது வருகின்றது என்றெல்லாம் இடைவிடாது கணக்கிட வேண்டியுள்ளது. இவை யாவும் பிராசசரின் தலையில் விழும் சுமை. கிராபிக்ஸ் கார்டுக்கு இதில் பங்கில்லை. சோதனையைச் செய்தோம். படத்தின் அளவைக் குறைத்தும் இரண்டு விளையாட்டிலும் பிரேம் வேகம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. மகன் என்னைப் பார்த்தான். நான் கிராபிக்ஸ் கார்டைப் பார்த்தேன்.

நினைவகத்தில் ஒளிந்திருந்த பிழை

தடை பிராசசர் பக்கத்தில் உள்ளது என்றவுடன் கடைக்கு ஓட முற்பட்டேன். நண்பர் தடுத்தார். பிராசசர் பக்கம் என்பது வேறு, பிராசசரே என்பது வேறு என்றார். தூசி அடைத்துக் கூலர் செயலிழந்தால், வெப்பம் எல்லையைக் கடவாதிருக்கப் பிராசசர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 5 2600-க்கு அவ்வெல்லை 95 செல்சியஸ். விளையாட்டுகள் எஸ்எஸ்டியில் இன்றிப் பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பினும் இடையிடையே நின்று நின்று செல்லும். இவ்விரண்டும் எங்கள் பொறியில் இல்லை. தூசியை மட்டும் துடைத்தோம். ஒரு கைப்பிடி இருந்தது.

மூன்றாவதாக ரேமைப் பார்த்தோம். அங்கேதான் பிழை இருந்தது. 2020-இல், ஊரடங்கு நாள்களில், இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கி நானே என் கையால் பொருத்தியிருந்தேன். மதர்போர்டில் நான்கு இடங்கள் உள்ளன. முதல் ரேமுக்கு அடுத்து ஒட்டியிருந்த இடத்தில் செருகிவிட்டேன். அவ்விரண்டு இடங்களும் ஒரே வழியைச் சார்ந்தவை. ஒன்று விட்டு ஒன்றாக, இரண்டாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் செருகியிருந்தால்தான் இரண்டு வழிகளிலும் தரவு சென்று வரும். பண்டகசாலைக்கு இரண்டு கதவுகள் இருக்க, ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டு ஐந்தாண்டுகளாக ஒரே கதவின் வழியே எழுத்துப் பெட்டிகளைச் சுமந்துகொண்டிருந்தோம்.

அதுமட்டுமன்று. அந்த ரேம் 3000 என்னும் வேகத்தில் இயங்கவல்லது என்று அதன் மேலேயே அச்சிடப்பட்டுள்ளது. ஆனால் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. கணிப்பொறி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் என்னும் அமைப்பில் எக்ஸ்எம்பி என்பதை நாமே இயக்கினாலன்றி அது முழு வேகத்தில் ஓடாது. இது ரைசன் பிராசசர்களுக்குப் பெரிதும் பொருந்தும். ஏனெனில், அவற்றின் உட்பகுதிகளை இணைக்கும் வழியின் வேகம் ரேமின் வேகத்தோடு பிணைக்கப்பட்டது. எங்கள் 2600-இல் ஆறு கோர்களும் மும்மூன்றாக இரு குழுக்களாய் உள்ளன. ஒரு குழு மற்றதனோடு பேசுவதும் அவ்வழியாகவே.

ரேமை இடம் மாற்றி, எக்ஸ்எம்பியை இயக்கினோம். ஒரு காசும் செலவில்லை. சுடும் விளையாட்டில் இடையிடையே தோன்றிய வெட்டு கண்கூடாகக் குறைந்தது. ஆடுபவர்க்குச் சராசரி வேகத்தினும் இவ்வெட்டே துன்பம் தருவது. நொடிக்கு 70 பிரேம் வந்தாலும் அவற்றுள் ஒன்று 50 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் கை அதனை உணர்ந்துவிடும். ஆயினும் நகர விளையாட்டு முன்போலவே தவழ்ந்தது. சோதனையை மீண்டும் செய்தோம், விடை மாறவில்லை. இனிக் குற்றம் பிராசசரின் மீதே என்பது உறுதியாயிற்று.

போர்டு இடம் தருமா?

பிராசசரை மட்டும் மாற்ற இயலுமா என்பதை முடிவு செய்வது மதர்போர்டில் அது அமரும் சாக்கெட். இவ்வகையில் நாங்கள் நற்பேறு உடையோம் எனல் வேண்டும். ஏஎம்4 என்னும் சாக்கெட்டில் முதல் ரைசன்கள் 2017 மார்ச்சில் வெளிவந்தன. அதே சாக்கெட்டுக்கு 2024-இலும் புதிய பிராசசர்கள் வந்தன. அதே காலத்தில் இன்டெல் பொறி வாங்கியவர்களின் நிலை வேறு. 2017 சனவரியில் வந்த கோர் ஐ7-7700கே பிராசசரும், அதே ஆண்டு அக்டோபரில் வந்த 8700கே பிராசசரும் 1151 என்னும் ஒரே எண்ணுள்ள சாக்கெட்டிலேயே அமர்வன. ஆயினும் முன்னதன் போர்டில் பின்னது இயங்காது. அத்தகைய போர்டு வைத்திருப்போர்க்கு நான்கு கோர்களே எல்லை. மேலும், 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறை முதலும் ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசை முதலுமே பெரும்பாலும் முறைப்படி ஏற்றுக்கொள்கின்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. ஆகவே ஏழாம் தலைமுறை இன்டெல் பொறியில் பிராசசருக்கெனப் பணம் செலவிடுதல் வீண். அங்கே கடைக்காரர் கூறிய வழியே வழி.

எங்கள் பி450 போர்டுக்கு ரைசன் 5000 வரிசை பொருந்தும். இதற்கும் ஒரு கதையுண்டு. 2020 மே மாதத்தில், வரப்போகும் அவ்வரிசை 400 வகைப் போர்டுகளில் இயங்காது என்று ஏஎம்டி அறிவித்தது. வாங்கியோர் பலர் கடுமையாகக் குறைகூறவே, அதே மாதத்திலேயே அம்முடிவை மாற்றிக்கொண்டது. அன்று குறைகூறியவர்களுக்கு நான் கடமைப்பட்டுள்ளேன்.

பொருந்துவனவற்றுள் இரண்டை எண்ணிப் பார்த்தோம். ஒன்று, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600. இதற்கும் ஆறு கோர்களே. எண்ணிக்கை மாறாதபோது என்ன பயன் என்று தம்பி கேட்டார், நியாயமான கேள்வி. எங்கள் 2600-க்கும் இதற்குமிடையே இரண்டு தலைமுறை வடிவமைப்புகள் உள்ளன. ஒரே கடிகாரத் துடிப்பில் செய்து முடிக்கும் வேலை முதல் மாற்றத்தில் 15 விழுக்காடும் அடுத்ததில் 19 விழுக்காடும் கூடிற்று என்பது தயாரித்தவர் கூற்று. கடிகார வேகமும் 3.9 கிகாஹெர்ட்சிலிருந்து 4.4-க்கு உயர்ந்துள்ளது. மூன்றையும் பெருக்கினால் ஒன்றரை மடங்கு வருகின்றது. தயாரித்தவர் கணக்கு எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். அதனைக் கழித்தாலும் சிறிதன்று.

மற்றொன்று, 2024 சனவரியில் வந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி. இதன் சிறப்பு கேஷ் என்னும் உள்நினைவகம். கோப்பவரின் கைக்கெட்டும் தூரத்திலுள்ள எழுத்துப் பெட்டி என இதனைக் கொள்க. பெட்டியில் இல்லாத எழுத்துக்காகப் பண்டகசாலைக்கு, அதாவது ரேமுக்கு, எழுந்து செல்ல நேர்கையில்தான் காலம் வீணாகின்றது. எங்கள் 2600-இல் அப்பெட்டி 16 எம்பி. அதுவும் எட்டெட்டாகப் பிரிந்து கிடப்பது. 5600-இல் 32 எம்பி, பிரியாத ஒரே பெட்டி. 5700எக்ஸ்3டியில் 96 எம்பி. கேஷ் பரப்பைப் பிராசசரின் மேல் மாடியாக அடுக்கி இதனைச் செய்துள்ளனர். நகரம் அமைக்கும் விளையாட்டு, விமானம் ஓட்டும் விளையாட்டு போன்றவற்றுக்கு இது பெரிதும் உதவும்.

மகன் இரண்டாவதையே விரும்பினான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயின் அதன் விலை மிகுதி. எல்லாக் கடைகளிலும் கிடைப்பதன்று. கூலர் உடன் வருவதில்லை, தனியே வாங்க வேண்டும். 5600-க்கோ கூலர் உடன் வருகின்றது. மின்னளவும் பழையதைப் போல 65 வாட்தான். அனைத்திற்கும் மேலாக, எங்கள் திரை நொடிக்கு 75 முறைக்கு மேல் காட்டாது. 13.3 மில்லிநொடித் தவணைக்குள் முடிந்தால் போதும். 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருந்தால் நான் வேறு முடிவுக்கு வந்திருக்கக் கூடும்.

வாங்கும்போது பெயரில் கவனம் வேண்டும். 5600, 5600ஜி, 5500 என மூன்று உள்ளன. பின்னிரண்டனுக்கும் கேஷ் 16 எம்பியே. ஓர் எழுத்தில் பொருள் மாறும் என்பதை நாம் வகுப்பில் பாடமாகச் சொல்கின்றோம். கடையில் அதனை மறந்துவிடக் கூடாது. கடைக்காரர் ஒருவர் 5600ஜியை எடுத்து நீட்டி "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முழுவதையும் மாற்றுவதைப் பற்றியும் நேர்மையாகக் கூறிவிடுகின்றேன். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட் இனிவரும் பிராசசர்களுக்கும் இடம் தரும். முதலாவதாகப் பொறி வாங்குவோர்க்கு அது தகும். ஆனால் அது டிடிஆர்5 ரேமையே ஏற்கும்; எங்களிடமுள்ள டிடிஆர்4 அதற்கு ஆகாது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவு வாங்கத் தொடங்கியமையால் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிற்று. அந்நேரத்திலா இருக்கும் ரேமை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது?

மாற்றிய நாள்

5600-ஐ வாங்கினோம். கடைக்காரர் கூறிய தொகையில் அது ஒரு சிறு பங்கே. ஆனால் வாங்கியவுடன் செருகிவிடலாகாது. பழைய பிராசசர் இருக்கும்போதே பயாசைப் புதிய பதிப்புக்கு மாற்றுதல் வேண்டும். இன்றேல் போர்டு புதியதை அடையாளம் காணாது திரை கருத்தே இருக்கும். பயாஸ் மாறிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் போர்டே பாழாகலாம். ஆகவே யுபிஎஸ் ஒன்றை நண்பர் வீட்டிலிருந்து கொண்டு வந்து வைத்தோம். எஸ்எஸ்டி பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டையும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். பிராசசர் மாறியதும் விண்டோஸ் அதனைக் கேட்கக் கூடும்.

இன்னொன்று. ஏஎம்4 பிராசசரின் ஊசிகள் போர்டில் இல்லை, பிராசசரின் அடியில் உள்ளன, மொத்தம் 1331. ஏழாண்டுகளாகக் காய்ந்த பசை கூலரையும் பிராசசரையும் ஒட்டிப் பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். பொறியை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பசை இளகியபின், அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுத்தல் வேண்டும். திருகியவர் என் தம்பி. சார்ஜாவில் குளிர்சாதனப் பொறிகளைப் பழுது பார்த்த கை. சிறு ஓசையுமின்றி வந்துவிட்டது. மகன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

நகரம் இப்போது நன்கு நகர்கின்றது. மிகப் பெரிதாகிவிட்டால் மீண்டும் தவழத்தான் செய்யும். எந்தப் பிராசசருக்கும் ஓர் எல்லை உண்டு. சுடும் விளையாட்டில் கிராபிக்ஸ் கார்டு முதன்முறையாக 90 விழுக்காட்டுக்கு மேல் உழைத்ததைக் கண்டோம். மூன்றாண்டுகளுக்கு முன் வாங்கிய கார்டு இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கின்றது என்று தம்பி கூறினார்.

கழற்றிய 2600-ஐப் பெட்டியில் இட்டு வைத்துள்ளோம். தம்பி மகனிடம் ரைசன் 3 2200ஜி உள்ள சிறு பொறி ஒன்று இருக்கின்றது. 2600-ஐயும், அலமாரியில் கிடக்கும் ஜிடிஎக்ஸ் 1060-ஐயும் அவனுக்கே தருவதாகப் பேச்சு. 2600-இல் படம் காட்டும் பகுதி உள்ளே இல்லையாதலின் இரண்டும் சேர்ந்தே செல்ல வேண்டும். கார்டின் சுமையை அவனுடைய பவர் சப்ளை தாங்குமா என்பதையும், போர்டின் பயாஸ் பதிப்பு எது என்பதையும் முதலில் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கின்றேன்.